கடைக் கூப்பன், கோப்பி வில்லை, டோக்கன்: சேகரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டோக்கன், கூப்பன், வெறும் தகடு: எது எது?

அரசாங்கம் அடித்தது நாணயம். ஒரு கடையோ ஆலையோ தோட்டமோ தன் சொந்தப் பொறுப்பில் வெளியிட்டு, "இதைக் கொண்டு வந்தால் இன்ன பெறுமதிக்குச் சாமானோ காசோ தருவேன்" என்று ஒப்புக்கொண்டது டோக்கன். உலோகத்தில் இருந்தால் பெரும்பாலும் வில்லை என்போம், காகிதத்தில் இருந்தால் கூப்பன். வெளியிட்டவரின் வாசலைத் தாண்டினால் இரண்டுக்குமே மதிப்பில்லை. ஆகவே கையில் ஒன்று கிடைத்ததும் கேட்க வேண்டிய முதற்கேள்வி "எவ்வளவு பழையது?" என்பதல்ல, "இதை எந்த வாசலில் நீட்டினார்கள், பதிலுக்கு என்ன கிடைத்தது?" என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்த தேய்ந்த வில்லை, பதில் தெரியாத பளபளப்பான வில்லையைவிட மேல்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு: தொழிலாளியின் எண் மட்டும் அடித்த தகடு. வேலைக் கருவி வாங்கும்போது களஞ்சியத்தில் கொடுத்து வைப்பது, வேலைக்கு வந்ததைக் கணக்கெடுப்பது போன்றவற்றுக்கு அது. காசாக ஒருபோதும் ஓடியதில்லை. விற்பவர் "டோக்கன்" என்று சொன்னாலும் எண்ணைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் தகட்டு விலைதான் கொடுக்க வேண்டும்.

கொழும்பில் இவற்றை யார் வெளியிட்டார்கள்? என்ன தேவைக்கு?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பிதான் இலங்கையின் பெரிய ஏற்றுமதி. மலைநாட்டுத் தோட்டங்களில் சதை நீக்கிய கோப்பி, கொட்டையை மூடிய உள் தோலோடு கொழும்புக்கு வரும். முதலில் மாட்டுவண்டியில், 1867 இல் கண்டிவரை ரயில் வந்தபின் ரயிலில். இங்கே உள்ள ஆலைகளில் வெயிலில் மறுபடி காயவைத்து, தோலுரித்து, புடைத்து, அளவு பிரித்து, கடைசியாகக் கையால் பொறுக்குவார்கள். பொறுக்கும் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பொறுக்கிய அளவுக்குக் கூலி. ஒவ்வோர் அளவு முடிந்ததும் ஒரு வில்லை கையில் விழும், பிறகு வில்லைகளை எண்ணிக் காசு கொடுப்பார்கள். நூறு பேருக்கு நாளெல்லாம் பேரேடு எழுதுவதைவிட வில்லை எண்ணுவது எளிது. எழுத்தறியாதவருக்கும் தன் கணக்குத் தன் மடியிலேயே இருக்கும்.

இரண்டாவது காரணம் சில்லறைத் தட்டுப்பாடு. பிரித்தானியர் இலங்கைக்கென்றே 1828 இல் அரை ஃபார்திங்கும் 1839 இல் கால் ஃபார்திங்கும் அடித்தார்கள் என்றால் சின்னக் காசுக்கு இருந்த தேவையை ஊகிக்கலாம்.

நன்கு அறியப்பட்டது ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் 1843 ஆம் ஆண்டு வில்லை. வேகந்த ஆலையின் பெயர் அதில் இருக்கிறது. வேகந்த என்பது கொம்பனித்தெருப் பக்கம். ஹல்ஸ்டோர்ஃப் ஆலையின் வில்லையும் உண்டு. நாம் புதுக்கடை என்று சொல்லும் அதே ஹல்ஸ்டோர்ப்தான், எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு. கார்சன், டார்லி பட்லர், லீ ஹெட்ஜஸ், லீச்மன் போன்ற கொழும்பு வணிக இல்லங்களின் பெயர்களையும், கண்டி சின்னலெப்பை சகோதரர்களின் பெயரையும் இந்த வரிசையில் காணலாம்.

1869 இல் கோப்பி இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1880 களில் கோப்பியே படுத்துவிட்டது. கோப்பி ஆலை வில்லைகளின் கதையும் அதோடு முடிகிறது. தேயிலைக் காலத்துத் தோட்டத் தகடுகள் வேறு குடும்பம். அவற்றையும் இவற்றையும் ஒரே தட்டில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

என் வில்லையில் பெறுமதியே இல்லையே?

பல கோப்பி வில்லைகள் அப்படித்தான். ஆலைக்குள் எல்லோருக்கும் பெறுமதி தெரியும், எழுதத் தேவையில்லை. கூலி ஏறி இறங்கினாலும் அதே வில்லை ஓடும்.

பெறுமதி எழுதியிருந்தால் அலகைப் பாருங்கள். இலங்கை 1872 இல் பென்ஸ் கணக்கைவிட்டு ரூபா, சதக் கணக்குக்கு மாறியது. ஒரு ரூபா 2 ஷில்லிங், அதாவது 24 பென்ஸ். 4½ பென்ஸைச் சதமாக்கினால் 18¾, 9 பென்ஸை ஆக்கினால் 37½. முழு எண்ணாக வராத ஒரு சதக்கணக்கு எங்காவது கண்ணில் பட்டால், பழைய பென்ஸ் கூலியின் மிச்சம் என்று சந்தேகிக்க இடமுண்டு.

தோட்டத்தில் "துண்டு" என்றார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. பெயரை வைத்து ஏமாறுபவர்கள் அதிகம். மலையகத் "துண்டு" என்பது ஒரு தொழிலாளியோ கங்காணியின் முழுக் கூட்டமோ தோட்டத்துக்குத் தர வேண்டிய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிக் கொடுத்த காகிதம். அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். 1921 இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அது கூப்பன் காசு அல்ல, ஆளைக் கட்டிப்போட்ட கடன் பத்திரம். கிடைத்தால் ஆவணமாகப் பாதுகாக்க வேண்டும். பெயர்கள் இருந்தால் அந்தக் குடும்பத்தவருக்கு ஒரு பிரதி கொடுப்பது மரியாதை.

வீட்டில் பழைய அரிசிக் கூப்பன் புத்தகம் இருக்கிறது. இதற்கு மதிப்பு உண்டா?

கடை வெளியிட்டதல்ல, அரசாங்கம் வெளியிட்டது. ஆனாலும் சங்கக்கடையில் ஓடியதால் சேகரிப்போர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். யுத்தகாலத்தில், 1942 இல் தொடங்கிய பங்கீடு அது. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தாலே நடந்தது. 1979 செப்டெம்பரில் உணவு முத்திரை வந்து பழைய முறையின் இடத்தைப் பிடித்தது. ஆகவே புத்தகம் எந்தக் கட்டத்தது என்று பார்ப்பது முதல் வேலை.

முழுப் புத்தகத்துக்கும் வெட்டிய கூப்பனுக்கும் பெரிய வித்தியாசம். அட்டை, பெயர், சங்கக்கடையின் ரப்பர் முத்திரை, வெட்டாமல் மிஞ்சிய கூப்பன்கள் எல்லாம் சேர்ந்திருந்தால்தான் புத்தகம். மிஞ்சியதை "அழகாக" வெட்டி ஒட்டி ஆல்பமாக்கிவிட்டால் போச்சு. தனிப்பட்ட பெயர், விலாசம் உள்ள பக்கத்தைப் படம் எடுத்துப் பொதுவில் போட வேண்டாம்.

இதே யுத்தகாலத்து இன்னொரு சாமான்: 1942 இன் 5 சதக் காகிதம். நடுவில் தபால் முத்திரையில் இருப்பதுபோல் துளைவரிசை இருக்கும். கிழித்தால் ஒரு பாதி 2 சதம், மற்றது 3 சதம். உலோகத் தட்டுப்பாட்டுக்கு அரசாங்கம் கண்டுபிடித்த வழி. கிழிக்காத முழுத் தாளைத்தான் தேட வேண்டும்.

கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒரு கட்டு "கனேடியன் டயர்" காசு தந்தார். இது என்ன?

ஸ்காபரோவில் மாமி வீட்டு லாச்சியில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கடை வெளியிட்ட கூப்பன் காசுக்கு உலகத்தில் மிகப் பிரபலமான உதாரணம் இதுதான். 1958 இல் அந்தக் கம்பனியின் பெற்றோல் நிலையத்தில் ஆரம்பித்து, 1961 இல் கடைகளுக்கும் வந்தது. காசாகக் கொடுத்து வாங்குபவருக்கு, வாங்கிய தொகையில் ஒரு சிறு பங்கைத் தாளாகத் திருப்பிக் கொடுப்பார்கள். அதைக் கொண்டு அதே கடையில் சாமான் வாங்கலாம். சில சதத்திலிருந்து 2 டொலர் வரை தாள்கள் உண்டு. வங்கித் தாள் அச்சடிக்கும் நிறுவனங்களே அச்சடித்ததால் பார்வைக்கும் தொடுகைக்கும் காசு மாதிரியே இருக்கும், தொடர் எண்ணும் உண்டு. தாளில் சிரிக்கும் தொப்பிக்காரரின் பெயர் சாண்டி மக்டயர், கற்பனை ஆள்.

பாவித்த சாதாரணத் தாளுக்கு முகப்பெறுமதிதான். டிஜிட்டல் புள்ளிகள் வந்தபின்னும் கடை காகிதத்தை ஏற்றுக்கொண்டது என்பதால், தேய்ந்தவற்றை மாமியிடமே திருப்பிக் கொடுத்து ஒரு ஸ்க்ரூட்ரைவர் வாங்கச் சொல்லலாம். ஒதுக்கி வைக்க வேண்டியவை: மடிப்பே இல்லாதவை, ஆரம்பகால வடிவமைப்புகள், அச்சுப் பிழை உள்ளவை, ஒரே எண்வரிசையில் அடுத்தடுத்து வருபவை. தொடங்குபவருக்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. கையெழுத்து, அச்சகப் பெயர், எண்ணின் முன்னெழுத்து ஆகியவற்றைக் கவனித்து வகைப்படுத்தப் பழகிவிட்டால் எந்தக் கடைக் கூப்பனையும் வகைப்படுத்தலாம்.

கனடாவில் பால்காரரும் பேக்கரிக்காரரும் வெளியிட்ட அலுமினிய வில்லைகளும் உண்டு. முன்கூட்டியே வாங்கி, காலி போத்தலோடு வாசலில் வைத்தால் பால் வரும். எடை குறைவு, மலிவு, தபாலில் வாங்க வசதி.

ஆண்டு போடாத கூப்பனின் காலத்தை எப்படிக் கணிப்பது?

எழுத்துகளைவிட விலாசம் அதிகம் பேசும். "சிலோன்" என்றிருந்தால் 1972 மே 22 க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கம்பனிப் பெயருக்குள் வரும் "சிலோன்" கணக்கில்லை, இன்றும் அந்தப் பெயரில் கம்பனிகள் உண்டு. கொழும்புத் தொலைபேசி எண் 5 இலக்கமா, 6 இலக்கமா, 7 இலக்கமா என்று பாருங்கள். அந்த ஒழுங்கில்தான் வளர்ந்தது. தெருப்பெயரும் உதவும். மக்கலம் வீதி என்றிருந்தால் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைக்கு முந்தியது. ஆனால் பழைய கூப்பன் கட்டு முடியும்வரை கடைக்காரர் பழைய விலாசத்தோடே கொடுத்துக்கொண்டிருப்பார். ஆகவே கிடைக்கும் காலம் எல்லாம் அச்சடித்த காலம், பாவித்த காலம் அல்ல.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் எந்த ஒழுங்கில் வருகின்றன என்பதும் ஒரு சான்று. தமிழில் றா, னா, லை ஆகியவற்றின் பழைய வடிவம் இருந்தால் ஈய அச்சுக் கோத்த காலத்தது.

என்ன உலோகம் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், உரசிப் பார்க்காமலே. 0.01 கிராம்வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும், சமையலறைத் தராசு உதவாது. முதலில் காந்தம். ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு அல்லது முலாம் பூசிய இரும்பு, நிக்கலும் ஒட்டும்.

ஒட்டாவிட்டால், வில்லையை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றிப் பூச்சியமாக்குங்கள். வில்லையை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதாக முழுக விடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. உதாரணமாக வில்லை 7.20 கிராம், முழுகும்போது தராசு 0.84 காட்டுகிறது. 7.20 ஐ 0.84 ஆல் வகுத்தால் 8.57. பித்தளை 8.4 க்கும் 8.7 க்கும் இடையில், செம்பு 8.96, நாகம் 7.1, ஈயம் 11.3, அலுமினியம் 2.7.

பிழை எங்கே வரும்? வில்லையில் ஒட்டிய காற்றுக் குமிழில். அது அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழ் ஒட்டாது. தராசு ஓர் இலக்கம் பிசகினாலே மேற்சொன்ன வில்லை 8.47 க்கும் 8.67 க்கும் இடையில் ஆடும். ஆகவே மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். 2 கிராமுக்குக் குறைந்த வில்லைக்கு இந்த முறையை நம்ப வேண்டாம். செம்பையும் வெண்கலத்தையும் இதால் பிரிக்க முடியாது, இரண்டின் எண்களும் அவ்வளவு நெருக்கம்.

புளி போட்டுத் துலக்கலாமா?

வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளியும் தேசிக்காயும் சரி, வில்லைக்கு விஷம். அமிலம் கறுப்பை மட்டும் எடுப்பதில்லை. மேல்தோலையே அரித்து, பித்தளையிலிருந்து நாகத்தைக் கழற்றி, இளஞ்சிவப்புத் திட்டுகளை விட்டுவிடும். சாம்பல், பிறாஸ்ஸோ, பற்பசை எல்லாம் உரசித் தேய்ப்பவை. துலக்கிய வில்லையை அனுபவசாலி ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார், விலையும் விழும். கறுத்த நிறம் அழுக்கல்ல, நூறு வருடத்தில் வந்த காப்பு.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு நாள் ஊறவைக்கலாம். பெற்றோல் ஷெட்டில் கிடைக்கும் பற்றரித் தண்ணீர் வாங்கும்போது அமிலமா வெறும் நீரா என்று போத்தலைப் படியுங்கள், இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்கும். ஊறியபின் பல்லுக்குத்தும் மரக்குச்சியால் மெல்லத் தட்டுங்கள். ஊசி வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்குக்கு அசிற்றோன். நகப்பூச்சு நீக்கி அல்ல, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிற்றோனை ஜன்னலைத் திறந்து, அடுப்புக்குத் தூரத்தில் பாவிக்கவும்.

பச்சைப் பொடி வருகிறது. என்ன செய்வது?

இரண்டு பச்சை உண்டு. மேற்பரப்போடு ஒட்டி, வழவழப்பாக, கீறினாலும் வராத பச்சை தீங்கற்றது. வெளிர்பச்சையாகப் பொடியாக உதிர்ந்து, துடைத்தாலும் சில நாளில் அதே இடத்தில் திரும்பவும் பூப்பது வெண்கல நோய். உப்பின் குளோரைட் உலோகத்துக்குள் புகுந்து, ஈரக்காற்றோடு சேர்ந்து தின்றுகொண்டே போகும். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடலோர வீடுகளில் ஜன்னலோரம் வைத்த வில்லைகளுக்கு இது சாதாரணம்.

பக்கத்து வில்லைகளிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். பொடியை மரக்குச்சியால் தட்டி எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் போட்டு, தினமும் நீர் மாற்றி இரண்டு கிழமை விடவும். பிறகு அசிற்றோனில் ஒரு நிமிடம் நனைத்து ஈரத்தை இழுத்து, முழுதாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் ஒரு மாதம் தனியே வைத்துப் பாருங்கள். மறுபடி பூத்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுவதுதான் வழி.

வில்லை முழுக்கப் பிசுபிசுப்பான பச்சை என்றால் நோய் உலோகத்தில் இல்லை, உறையில்.

உறை, ஆல்பம், பெட்டி எதை வாங்குவது?

மெதுமெதுவென்று, புது மழைக்கோட்டு வாசம் அடிக்கும் பிளாஸ்டிக் உறை பிவிசி. அதை மென்மையாக்கும் எண்ணெய் சில வருடத்தில் கசிந்து வில்லையைப் பச்சையாக்கும், கூப்பனில் மையைத் தூக்கிவிடும். கடினமாக, சரசரக்கும் பொலியெஸ்டர் அல்லது பொலிப்ரோப்பிலீன் உறையைக் கேளுங்கள். சந்தேகம் என்றால்: செம்புக் கம்பியை நெருப்பில் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது. புகை கெட்டது, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள்.

5 லீற்றர் மூடிப் பெட்டிக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் ஆரம்பத்துக்குப் போதும். நிறம் மாறியதும் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் அவனில் வைத்தால் மீண்டும் பாவிக்கலாம். மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து காட்சி வைக்க வேண்டாம். திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஈரம் உள்ளே புகும்.

உலோகத்தையும் காகிதத்தையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். உலோகத்துக்கு எவ்வளவு வறண்டாலும் நல்லது. காகிதம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் மடிப்பில் முறியும்.

காகிதக் கூப்பனை லமினேட் செய்தால் என்ன?

கூப்பன் செத்தது என்று அர்த்தம். திருப்பி எடுக்க முடியாது. செலோடேப் இரண்டாம் இடம்: பசை மஞ்சளாகி, ஊறி, மறுபக்கம்வரை போகும். குண்டூசி, ஸ்டேப்பிள் இருந்தால் உடனே கழற்றுங்கள், கொழும்பு ஈரத்தில் துரு காகிதத்தை ஓட்டையாக்கிவிடும். ஸ்டேப்பிளைப் பின்பக்கத்திலிருந்து கால்களை நிமிர்த்தி எடுக்க வேண்டும், முன்னால் இழுத்தால் கிழியும்.

மடிப்பை நேராக்க இஸ்திரிப் பெட்டி வேண்டாம். ஈரமூட்டி அழுத்தும் முறை உண்டு, ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை. கடைக் கூப்பன்களில் பெரும்பாலும் ஊதா ரப்பர் முத்திரை இருக்கும். அந்த மை தண்ணீர் பட்டதும் ஓடும். ஓரத்தில் ஒரு புள்ளியை ஈரப் பஞ்சுக்குச்சியால் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் ஊதா வந்தால் ஈரமூட்டலை மறந்துவிட்டு, இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே கனமான புத்தகத்தின் கீழ் சில கிழமை வையுங்கள். மெதுவாகவேனும் நிமிரும்.

இராமபாணப் பூச்சி மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும், பசைதான் அதற்கு விருப்பம். பூச்சி இருக்கும் கட்டைக் காற்றுப் புகாத பையில் இட்டு, வீட்டு உறைபெட்டியில் இரண்டு கிழமை வைத்து, வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் அறை வெப்பத்துக்கு வர விடவும். அவசரப்பட்டுத் திறந்தால் காகிதத்தில் நீர் வியர்க்கும். பூச்சி உருண்டை பிளாஸ்டிக் உறையோடு சேர்ந்தால் உறையை உருக்கும், அது வேண்டாம்.

கன்டீனில் தரும் துண்டு ஆறு மாதத்தில் வெள்ளையாகிவிட்டதே?

அது வெப்பத்தாள். மையே இல்லை, வெப்பத்தால் கறுக்கும் பூச்சு மட்டும். வெளிச்சம், சூடு, பிளாஸ்டிக் உறையின் எண்ணெய், கைக்கிரீம் எல்லாம் அதை அழிக்கும். கிடைத்த அன்றே வருடி (ஸ்கான் செய்து) எடுத்துவிட்டு, மூலத்தைக் காகித உறையில் இருட்டில் வையுங்கள். என்றென்றைக்கும் நிற்காது.

துளை, வெட்டு, "ரத்து" முத்திரை இருந்தால் தள்ளிவிடவா?

கடை திரும்ப வாங்கியபின் மறுபடி ஓடாமல் இருக்க மூலையை வெட்டுவார்கள், துளை போடுவார்கள். அது உண்மையில் ஓடியதற்கான சான்று. எண்ணும் கையெழுத்தும் இல்லாத புத்தம்புது கூப்பன் அச்சகத்தில் மிஞ்சியது, கடைவாசலை அது கண்டதேயில்லை. பலர் அதற்குத்தான் கூடக் கொடுக்கிறார்கள், எங்களுக்கு வெட்டுப்பட்டதுதான் பிடிக்கும்.

வில்லையில் துளை வேறு கதை. அச்சோடு வந்த துளையைச் சுற்றி விளிம்பு இருக்கும், எழுத்து விலகி நிற்கும். கழுத்தில் கட்டப் பிறகு போட்ட துளை எழுத்தைக் கடித்திருக்கும். பின்னது விலையைக் குறைக்கும்.

போலியைக் கண்டுபிடிக்க?

அச்சில் அடித்ததில் எழுத்தின் ஓரம் கூராக இருக்கும். வார்த்ததில் ஓரம் மழுங்கி, 10 மடங்கு கண்ணாடியில் ஊசித்துளைபோன்ற குழிகளும் விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தடமும் தெரியும். ஒரே வகையில் இரண்டு கிடைத்தால் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் அதே கீறல் இருந்தால் இரண்டும் ஒரே தாயிலிருந்து வார்த்த பிள்ளைகள். எடையும் விட்டமும் அறியப்பட்ட மாதிரியோடு ஒத்துவர வேண்டும்.

காகிதத்தில், எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நிறப் புள்ளிகள் தெரிவது நவீன வண்ண அச்சு. பழைய அச்சுக் கோத்த கூப்பனில் எழுத்து காகிதத்தை அழுத்தியிருக்கும், பின்பக்கத்தை விரலால் தடவினால் உணரலாம்.

கொழும்பில் எங்கே தேடுவது?

புறக்கோட்டையில் பழைய பித்தளை, செம்பு நிறுத்து வாங்கும் கடைகளில். "டோக்கன்" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "எழுத்து அடித்த ஓட்டைத் தகடு, வில்லை" என்று கேளுங்கள். அதுவும் உருக்கப் போகும் முன். கூப்பனுக்குப் பழைய புத்தகக் கடைகள் நல்லவை. நாணயக் கட்டில் அல்ல, பழைய கணக்குப் புத்தகங்களிலும் பஞ்சாங்கங்களிலும் பக்க அடையாளமாக மாட்டியிருக்கும். மூடப் போகும் பழைய கடைகளில் சிட்டைக் கட்டோடு சேர்ந்து வரும். கட்டைப் பிரிக்காமல் வாங்குங்கள், சிட்டைதான் கூப்பனுக்கு விலாசம் சொல்லும்.

நிலத்தைத் தோண்டித் தேடப் போக வேண்டாம். தொல்பொருட் சட்டம் கடுமையானது. உலோகம் தேடும் கருவியோடு பழைய இடங்களில் திரிவது பொழுதுபோக்காகப் பார்க்கப்படாது.

விலையை எப்படித் தீர்மானிப்பது?

விற்பவர் கேட்கும் விலை விலையல்ல, விற்று முடிந்த விலைதான் விலை. இணைய ஏலங்களில் முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்து, ஒரே வகையில் குறைந்தது மூன்று விற்பனையைப் பிடியுங்கள். ஒன்று கூடக் கிடைக்காவிட்டால் அது அரியது என்று அர்த்தமில்லை. கேட்பாரில்லை என்றும் இருக்கலாம். ஊர்க் கூப்பனுக்கு வாங்குபவர் பெரும்பாலும் இருவர்தான்: அந்தக் கடையின் குடும்பத்தவரும் அந்தத் தெருவில் வளர்ந்தவரும்.

பதிவேட்டில் என்ன எழுத வேண்டும்?

விட்டம் 0.1 மில்லிமீற்றர்வரை, எடை, உலோகம், இருபக்க எழுத்தும் உள்ளபடியே (பிழை இருந்தால் பிழையோடு). முன்பக்கம் நிமிர்ந்திருக்கும்போது பின்பக்கம் நிமிர்ந்திருக்கிறதா தலைகீழா. எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கியது. கடைசியாக, கொடுத்தவர் வாய்வழி சொன்னது: "கொட்டாஞ்சேனைக் கடை, இதுக்கு ஒரு றாத்தல் பாண் குடுத்தவை" என்பதுபோல், அவர் சொன்ன வார்த்தையிலேயே. கூப்பனின் மேல் எதுவும் எழுதாதீர்கள். உறைமேல் எழுதுவதாயின் கூப்பனை உள்ளே போடுவதற்கு முன், பென்சிலால்.

தேய்ந்த எழுத்தைப் படிக்க, அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கை வில்லையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்து, வில்லையை மெல்லச் சுற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் எழுத்து எழும்பும், அப்போது படம் எடுங்கள்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்கு அனுப்பலாமா?

தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம். அதோடு கலாசாரச் சொத்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வில்லை எதையும் பொதியில் போடுமுன் கொழும்பு 7 இல் உள்ள தொல்பொருளியல் திணைக்களத்தில் படத்தோடு விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சுங்கத்தில் பிடிபட்டால் "வெறும் டோக்கன்" என்ற விளக்கம் எடுபடாது.

வாங்குமுன் அசலைப் பார்க்க வேண்டுமே?

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதிக்கும், கோட்டை சத்தம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் போகலாம். இலங்கை நாணயங்கள்பற்றி கொட்ரிங்டன் எழுதி 1924 இல் அதே கொழும்பு அருங்காட்சியகம் வெளியிட்ட நூல் இன்றும் கையேடாகப் பாவிக்கப்படுகிறது.

இன்றைய சுப்பர்மார்க்கட் வவுச்சர்களைச் சேர்ப்பதில் பயன் உண்டா?

உண்டு, ஒரே ஒரு நிபந்தனையோடு: காலாவதியானபின் சேருங்கள். செல்லுபடியாகும் வவுச்சரைப் படம் எடுத்துப் போட்டால் பட்டைக் கோட்டை (பார்கோட்) யாராவது பாவித்துவிடுவார், அதை மறைத்துவிடுங்கள். பின்பக்க நிபந்தனைகளையும் வருடி வையுங்கள், எந்தக் கிளையில், எந்தத் திகதிவரை, மிச்சக்காசு தருவார்களா இல்லையா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கோயில் பிரசாத டோக்கன், வாகனம் நிறுத்தும் வில்லை, உணவுக்கூடத்து பிளாஸ்டிக் எண் ஆகியவற்றை எடுத்து வந்துவிடாதீர்கள். அவை திரும்பக் கொடுக்க வேண்டியவை. கேட்டால் பழையதொன்றைத் தருவார்கள். சில்லறை இல்லையென்று கடைக்காரர் நீட்டும் டொஃபியும் ஒருவகைக் கடைக்காசுதான், ஆனால் அதைச் சேர்த்து வைத்தால் எறும்பு வரும்.